பேர் சொல்லாத பச்சை

"உங்க ஆடுங்களுக்கு எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாதுன்னு யாருக்கா சொல்லிக் குடுத்தாங்க?"

போன குளிர்காலத்தில், தொழுவத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தபோது பெரிசாத் இப்படிக் கேட்டாள். அவள் அந்த வீட்டுக்குச் சின்ன மருமகளாக வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மூத்த மருமகள் சைராகான் வந்து பதினொரு வருஷம். அந்தப் பதினொரு வருஷத்தில் டீ எங்கே, கயிறு எங்கே, குழந்தையின் காலுறை எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. அவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டவர் யாருமில்லை. அதனால் வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பதில் சொல்லிவிட்டாள்.

தாய்தான் சொல்லிக்கொடுக்கும் என்றாள். தாய் மேயும்போது குட்டி அதன் வாயோரம் மூக்கைக் கொண்டுபோய் வைக்கும். தாய் எதைக் கடிக்கிறதோ அதன் வாசனை நல்ல வாசனை, எதை ஒதுக்குகிறதோ அது ஆகாத வாசனை. பாலிலேயே பாதிப் பாடம் இறங்கிவிடும். வசந்தத்தில் நஞ்சுப் பச்சை துளிர்க்கும்போது கிழட்டு ஆடுகள் அதில் இரண்டே இலை கடிக்கும், மூன்றாவது கடிக்காது. நேரே போய்க் கசப்பு மாசிப்பச்சையில் வாய் வைக்கும். அப்புறம் ஓடையோரம் வெள்ளைக் களிமண்ணை நக்கும். பத்து நாள் கழித்து அதே ஆடு பத்து இலை தின்றாலும் ஒன்றும் ஆகாது, வயிறு பழகியிருக்கும். ஆனால் வெறும் வயிற்றோடு மட்டும் அந்தப் பக்கம் போகக் கூடாது. வெள்ளாடு இன்னும் கெட்டிக்காரி, எல்லாவற்றிலும் ஒரு வாய், எதிலும் நின்று தின்னாது.

"எங்க பெரியம்மா மாதிரி," என்றாள் பெரிசாத். "விருந்துக்குப் போனா எல்லாத் தட்டுலயும் ஒரு வாய். கேட்டா வயிறு சரியில்லைம்பாங்க. கடைசித் தட்டு வரைக்கும் சரியில்லாமலே இருக்கும்."

சைராகான் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்தது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை. பெரிசாத் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கால்நடை வைத்தியத்துக்கு இரண்டு வருஷம் படித்தவள். சைராகான் எட்டாம் வகுப்போடு நின்றவள். தான் சொல்வதை ஒருத்தி எழுதிக்கொள்வதைப் பார்க்க அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கதகதப்பு ஓடியது.

எழுதும்போது பெரிசாத் ஒன்று கேட்டாள், அந்தப் பச்சைக்குப் பேர் என்ன என்று. சைராகான் தலைத்துணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேர் சொல்ல முடியாது. செத்துப்போன மாமனாரின் பேர் கொர்கோஷுன். ஈயம் என்று அர்த்தம். அந்த நஞ்சுச் செடிக்கும் ஊரில் அதே பேர்தான். ஆண்கள் சொல்வார்கள், பெண்கள் சொல்ல மாட்டார்கள். புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பேர் மருமகள் வாயில் வரக் கூடாது. பேரைப் போல ஒலிக்கிற சொல்லும் வரக் கூடாது. மாமியார் அதை "அவரோட செடி" என்பாள். சைராகான் தனக்கென்று ஒரு சொல் வைத்திருந்தாள். ஈயம் கனமாக இருக்குமே, அதனால் செடியும் அவளுக்குக் "கனம்." தூண்டிலில் கட்டும் ஈயமும் கனம், துப்பாக்கிக் குண்டும் கனம். அவள் மனசுக்குள் மட்டும் புழங்கிய சொல் அது. பெரிசாத்திடம் அதைச் சொல்லவில்லை. பார்க்கும்போது காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மாதம் ஊர்க் கூடத்தில் ஆடு வளர்ப்பவர்களின் கூட்டம் நடந்தது. பெரிசாத் எழுந்து பேசினாள். தாயின் வாயோரம் குட்டி மூக்கு வைப்பது, இரண்டு இலை, மாசிப்பச்சை, வெள்ளைக் களிமண் எல்லாம் வந்தன. அதோடு படிப்பையும் சேர்த்துக்கொண்டாள். ஆட்டின் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் அவை அதை உடைக்கக் கற்றுக்கொள்ளும், மிச்சத்தை ஈரல் பார்த்துக்கொள்ளும் என்றாள். குல்லா வைத்த கிழவர்கள் தலையாட்டினார்கள். எங்கே தெரிந்துகொண்டாய் என்று ஒருவர் கேட்டார். எங்க வீட்டுல சொல்வாங்க என்றாள் பெரிசாத்.

எங்க வீட்டுல. பின் வரிசையில் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த சைராகான், அந்த இரண்டு சொல்லில் தன் பங்கு எவ்வளவு என்று தேடிப் பார்த்தாள். தன் சரக்கே அடுத்தவள் சட்டையை மாட்டிக்கொண்டு தன் முன்னால் நடந்து போவதுபோல இருந்தது. மாமியார் மறுநாளே வீடு வீடாகப் போனாள். என் சின்ன மருமகளுக்கு ஆட்டின் வயிறு உள்ளங்கை மாதிரி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதிலிருந்து எல்லாமே கண்ணில் உறுத்த ஆரம்பித்தது. பெரிசாத்தின் சோப்பு வாசனை உறுத்தியது. சைராகானின் ஏழு வயது மகள் "சித்தி மாதிரி பின்னு" என்று தலையைக் கொடுத்தது உறுத்தியது. புருஷன் கச்கின் ஒருநாள் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, தம்பிக்கு நல்ல பெண் கிடைத்தாள் என்று சும்மா சொன்னான். சைராகானுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும் நல்ல பெண் கிடைத்தாள் என்று பதினொரு வருஷத்தில் அவன் சொன்னதாக அவளுக்கு ஞாபகமில்லை.

ஜூன் மாதம் எல்லோரும் கோடை மேய்ச்சலுக்கு மலையேறினார்கள். கூடாரம் போட்ட முதல் நாளே மாமியார், குமிஸ் ஊற்றும் அகப்பையைப் பெரிசாத்தின் கையில் கொடுத்தாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் குதிரைப்பால் ஊற்றிக் கொடுப்பவள்தான் வீட்டின் முகம். பதினொரு கோடை அது சைராகானின் கையாக இருந்தது. கடைசி மகன்தான் பெரிய கூடாரத்தை ஆளுவான், அவன் பெண்டாட்டிதான் ஊற்ற வேண்டும், நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் அவளால் வாய் திறந்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. அநியாயமாக இருந்திருந்தால் ஒரு மூச்சு அழுதிருக்கலாம்.

நான்காம் நாள் விடியலில் லாரி வந்தது.

பெரிசாத்தின் அப்பா சமவெளியிலிருந்து சீதனமாக அனுப்பிய ஆடுகள். முப்பது பெண்ணாடு, ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி உயரம். வால் கொழுப்பு பின்னால் மெத்தை மாதிரி ஆடியது. கூடவே குட்டிகள். ஒன்றரை நாள் லாரியில் நின்று வந்தவை, பசியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்தின. மாமியார் கண்ணுக்குமேல் கையை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இப்படி ஆடு இந்த மலை பார்த்ததில்லை என்றாள். ஆண்கள் இருவரும் முந்தின நாளே கணவாய்க்கு அப்பால் குதிரைகளைக் கொண்டுவரப் போயிருந்தார்கள். மாமியாருக்கு வேறு வேலை இருந்தது. புதிதாக வந்து இறங்கியவர்களுக்குப் பக்கத்துக் கூடாரத்தார் விருந்து கொண்டுவரும் நாள் அது. இரண்டு பெண்கள் வேகவைத்த கறியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பெரிசாத் ஓடிவந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, பசியில கத்துதுங்க. உங்க மந்தையோடயே சேத்து ஓட்டிட்டுப் போகட்டுமா? உங்க ஆடுங்க பின்னாலயே போய்க் கத்துக்குங்க."

சரியான கேள்வி. அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே சைராகான்தான். வேறொரு நாளாக இருந்திருந்தால் சைராகான், இன்று எங்கேயும் ஓட்டாதே, பட்டியிலேயே வைக்கோலும் உப்பும் போடு, வயிறு நிறையட்டும், நாளைக்கு என் கிழட்டு ஆடுகளோடு விடலாம் என்று சொல்லியிருப்பாள். அந்த வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்தன. அதே நேரம் கூடாரத்துக்குள்ளிருந்து மாமியாரின் குரல் கேட்டது. விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: மூத்தவள் நல்லவள்தான், ஆனால் வரும்போது ஒரு கன்றைக்கூட ஓட்டிக்கொண்டு வரவில்லை.

சைராகான் பால் சட்டியின் அடியில் தீயைத் தள்ளிவிட்டாள்.

"முதல் நாளே சேத்தா முட்டிக்கும்," என்றாள். "தனியா ஓட்டு."

"எந்தப் பக்கம்?"

"எங்க வேணா போ. கனத்துப் பக்கம் மட்டும் போகாத."

சொல்லும்போதே அவளுக்குத் தெரியும். ஓடைக்கு வலது பக்கம், பாறைகள் நிறைந்த சரிவில், வீடு உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. மலையில் எல்லோரும் அதைக் கனக்கல் என்பார்கள். கனம் என்றால் பெரிசாத்துக்கு அந்தக் கல்தான் தோன்றும். வேறெது தோன்றும்? நஞ்சுப் பச்சை மண்டிக் கிடப்பதோ இடது பக்கச் சரிவில். ஜூன் தொடக்கத்தில் அது பூக்காது. கைவிரல் விரித்ததுபோல இலைகள், கொழுகொழுவென்று, நல்ல தீவனச் செடி மாதிரியே நிற்கும்.

பெரிசாத் சரி என்று தலையாட்டிவிட்டு ஆடுகளைத் திறந்துவிட்டாள். ஓடை வரை நேரே போனாள். அங்கே நின்று கனக்கல்லைப் பார்த்தாள். பிறகு இடது பக்கம் திரும்பினாள். திரும்பும்போது கூடாரத்தைப் பார்த்துக் கையை ஆட்டினாள். இதுதானே வழி என்று கேட்பதுபோல.

சைராகானும் கையை ஆட்டினாள்.

பிறகு அவள் பால் காய்ச்சினாள். கன்றுக்குட்டியை இடம் மாற்றிக் கட்டினாள். தான் எச்சரித்தாயிற்று என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பேர் சொல்லக் கூடாத மருமகள் எப்படிச் சொல்வாளோ அப்படித்தான் சொன்னாள், அதில் யாரும் குற்றம் காண முடியாது. ஏழெட்டு ஆடு போகட்டும். போனால் என்ன, அப்பா இன்னொரு லாரி அனுப்புவார். வயிற்றுக்குள் சின்ன உயிர்கள் இருக்கின்றனவாமே, அவை பார்த்துக்கொள்ளட்டும். புத்தகத்தை விரித்து ஆடுகளுக்குப் படித்துக் காட்டட்டும். இப்படி நினைக்க நினைக்க முதலில் இனித்தது. வெகு நேரம் இனித்தது. மாமியார் அடுத்த முறை வீடு வீடாகப் போய் என்ன சொல்வாள் என்று யோசித்துப் பார்த்து, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

பால் பொங்கி இறங்கியது. அவள் நிமிர்ந்து இடது சரிவைப் பார்த்தாள். அவளுடைய ஆடுகளாக இருந்தால் இந்நேரம் சரிவெங்கும் சிதறி, ஒரு வாய் இங்கே ஒரு வாய் அங்கே என்று நடந்துகொண்டே மேய்ந்திருக்கும். அந்தப் பெரிய ஆடுகள் நகரவே இல்லை. வரிசையாக, தலை குனிந்து, ஒரே இடத்தில் நின்று தின்றுகொண்டிருந்தன. சமவெளியில் விதைத்த புல்லைத் தின்று வளர்ந்தவை. இலை பச்சையாக இருந்தால் அது சாப்பாடு, அவ்வளவுதான் அவற்றுக்குத் தெரியும். குட்டிகள் தாயின் வாயோரம் மூக்கை வைத்து, அதே இலையைக் கடித்துப் பார்க்கப் பழகிக்கொண்டிருந்தன.

அந்தக் குட்டிகளைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். தப்பாகச் சொல்லிக்கொடுத்தாலும் பிள்ளை நம்பிக் கேட்டுக்கொள்ளுமே என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

ஓடைக்கரையை எட்டியபோது மேலே ஒரு ஆடு முன்னங்கால் மடங்கி உட்கார்ந்தது. இன்னொன்று வாயில் நுரை தள்ளியது. பெரிசாத் பதறிப்போய், ஏதோ ஆகிறது, கீழே கொண்டு போய்விடலாம் என்று தடியால் தட்டி விரட்ட ஆரம்பித்தாள். அதுதான் செய்யக் கூடாதது. அந்த நஞ்சு நெஞ்சைப் பிடிக்கும். ஓடினால் நெஞ்சு நின்றுவிடும்.

"கனம்," என்று கத்தினாள் சைராகான். "அது கனம், பெரிசாத், கனம்."

பெரிசாத் வலது பக்கம் கல்லைத் திரும்பிப் பார்த்தாள். கல் உருளப் போகிறது என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, இன்னும் வேகமாக விரட்டினாள். இரண்டு ஆடு ஓட்டத்திலேயே விழுந்தன.

சைராகான் மூச்சு வாங்க நின்றாள். பின்னால் கூடாரத்து வாசலில் மாமியாரும் விருந்தாளிகள் இருவரும் வெளியே வந்து நிற்பது தெரிந்தது. காற்று அவர்கள் பக்கமாகத்தான் வீசியது. பதினொரு வருஷமாக நாக்கில் ஒருமுறைகூட வராத சொல். மாமனார் செத்த அன்று ஒப்பாரியில்கூட வராத சொல்.

"கொர்கோஷுன்," என்று கத்தினாள். "கொர்கோஷுன் தின்னிருக்கு. ஓட்டாத, அப்படியே நில்லு. கொர்கோஷுன்."

பெரிசாத் அடித்துவைத்த முளைபோல நின்றாள். அந்தப் பேரை அவள் படித்திருந்தாள். அந்தப் பேரோடு அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் படித்திருந்தாள். தடியைக் கீழே போட்டாள். விழுந்த ஆட்டின் தலையை மேட்டுப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். மற்றவை தாமாக நிற்கட்டும் என்று நகர்ந்து உட்கார்ந்தாள். சைராகான் திரும்பி ஓடிப் புளித்த தயிரைக் குடத்தோடு கொண்டுவந்தாள். ஒருத்தி வாயைப் பிடிக்க ஒருத்தி ஊற்ற, சாயங்காலம் வரை இருவரும் அந்தச் சரிவிலேயே கிடந்தார்கள். தயிரையும் ஆட்டையும் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஏழு ஆடு செத்தது. இருபத்து மூன்று எழுந்து நின்றது. நாய்கள் வாய் வைக்காதபடி அவற்றைக் கட்டிப்போட்டுவிட்டு, செத்த ஆடுகளை ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். அதற்குள் ஆண்களும் வந்துவிட்டார்கள். தாயில்லாத குட்டிகள் பட்டிக்குள் இங்குமங்கும் ஓடி, கண்ணில் பட்ட மடியிலெல்லாம் முட்டி உதை வாங்கின.

நன்றாக இருட்டிய பிறகு எல்லோரும் கூடாரத்துக்குள் உட்கார்ந்தார்கள். சைராகான் வாசலோரம் தலை குனிந்து உட்கார்ந்தாள். மாமனார் பேரை மலை முழுக்கக் கேட்கும்படி கத்தியவளுக்கு என்ன கிடைக்கும் என்று தெரியவில்லை. பக்கத்துக் கூடாரத்துப் பெண்கள் இந்நேரம் அதை எத்தனை கூடாரத்துக்குக் கொண்டு போயிருப்பார்களோ.

அவர் இருந்திருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டார் என்றாள் மாமியார். தன் பேரால் இருபத்து மூன்று உயிர் பிழைத்தது என்று கேட்டால் மீசையை முறுக்கியிருப்பார் என்றாள். அகப்பையை எடுத்துக் கை நீட்டிச் சைராகானிடம் கொடுத்தாள்.

"நீ ஊத்து, மருமகளே. இன்னைக்கு உன் கையால குடிக்கணும்."

கச்கின் பெண்டாட்டியைப் பார்த்தான். முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தான். சைராகான் அகப்பையை வாங்கிக்கொண்டாள். அவள் வேண்டியதெல்லாம் ஒரே நேரத்தில் வந்து மடியில் விழுந்திருந்தது. இன்னும் சிறிது நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் அவளுடையது.

அப்போது சின்னவன் மெதெர்பெக், ஆடு அங்கே எப்படிப் போனது என்று பெண்டாட்டியைக் கேட்டான். கோபமாகத்தான் கேட்டான்.

"என் தப்புதான்," என்றாள் பெரிசாத். அழுது அழுது கண் வீங்கியிருந்தது, குரல் மட்டும் நிதானமாக இருந்தது. "அக்கா போகாதன்னுதான் சொன்னாங்க. கனம்னாங்க, நான் கல்லுன்னு நெனச்சுட்டேன். பேர் சொல்ல முடியாம வேற சொல்லால சொல்றாங்கன்னு எனக்குத்தான் தோணியிருக்கணும். படிச்சு என்ன பிரயோஜனம். அக்கா மட்டும் ஓடி வரலைன்னா ஒண்ணுகூட மிஞ்சியிருக்காது."

மாமியாரின் முகம் இளகிப் போனது. பரவாயில்லை கண்ணே, சின்னப் பெண் நீ, தப்பை ஒத்துக்கொள்கிற மனசு எத்தனை பேருக்கு வரும் என்றாள். கச்கினும் தலையாட்டினான். கோபமாக இருந்த மெதெர்பெக் தன் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

சைராகான் அகப்பையைப் பிடித்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டை இழந்தவள் பெரிசாத். அழுதவள் அவள். இப்போது தப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு நல்லவளாக நிற்பதும் அவளே. இவளிடமிருந்து எதைப் பிடுங்கினாலும் அது இவளுக்கே ஒரு நகையாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறதே என்று சைராகானுக்குத் தோன்றியது. தான் செய்த தப்புகூடத் தன்னுடையதாக இல்லாமல் போவதை அவளால் தாங்க முடியவில்லை. குற்ற உணர்வு எவ்வளவு, பொறாமை எவ்வளவு என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

"அவ தப்பு இல்ல," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"கனம்னா அவளுக்குக் கல்லுதான் தோணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். ஓடைக்கிட்ட நின்னு, இதுதானே வழின்னு கையாட்டிக் கேட்டா. ஆமாம்னு நானும் கையாட்டினேன். பட்டியிலயே வெச்சு வைக்கோல் போடச் சொல்லியிருக்கலாம். எங்க ஆடுகளோட விடச் சொல்லியிருக்கலாம். கேக்கத்தான் செஞ்சா. நான்தான் வேணாம்னேன்."

கச்கின் தரையைப் பார்த்தான். வெளியே குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன.

பெரிசாத் சைராகானையே பார்த்தாள். கோபம் வரும் என்று சைராகான் காத்திருந்தாள். திட்டட்டும், தலைமுடியைப் பிடித்து இழுக்கட்டும், அழட்டும், எதுவானாலும் அதில் தனக்கு ஒரு பங்கு இருக்கும். ஏன் அக்கா என்று கேட்டால் சொல்வதற்கு அவளிடம் நான்கைந்து மாதத்துப் பதில் இருந்தது. கூடத்தில் எங்க வீட்டுல என்று சொன்னாயே, அந்த இடத்தில் என் பேரை ஏன் சொல்லவில்லை என்று கேட்க வேண்டியிருந்தது.

பெரிசாத் ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் இருந்த கிண்ணத்தை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தாள். சால்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். வாசலோரம் உட்கார்ந்திருந்தவளின் முழங்காலில் பாவாடை படாதபடி ஒதுங்கி, கம்பளித் திரையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.